பொம்மைக்கு ஒரு விலை, விதிக்கு ஒரு விலையா?

புதிதாக ஒரு பிரிண்டர் வாங்கி வீட்டிற்குக் கொண்டு வருகிறீர்கள். பெட்டியைப் பிரித்து, கேபிளைச் செருகி, சுவிட்சைப் போடுகிறீர்கள். கம்ப்யூட்டர் அதனை அடையாளம் கண்டு, தேவையான டிரைவர் புரோகிராமை இண்டர்நெட்டிலிருந்து தானே இறக்கிக் கொள்கிறது. முன்பெல்லாம் இந்த டிரைவர் ஒரு சிடியில் பெட்டிக்குள்ளேயே வரும். இப்போது ஒரு சின்னக் கற்பனை. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. "டிரைவர் தனி. விலை 3,000 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்குப் பின் இது உதவாது. அப்போது புதியது வாங்கிக் கொள்ளவும்." என்ன செய்வீர்கள்? பிரிண்டரைத் தூக்கிக் கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். நியாயம்தான்.

ஆனால் ஒரு பொழுதுபோக்கில் இந்தக் கதை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. வாங்குபவர்கள் முணுமுணுத்துக் கொண்டே காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நானும் அப்படிக் கொடுத்தவன்தான்.

அந்தப் பொழுதுபோக்கின் பெயர் மினியேச்சர் வார்கேம். தமிழில் மேஜைப் போர் விளையாட்டு என்று வைத்துக் கொள்ளலாம். கட்டை விரல் உயரத்தில் படைவீரர் பொம்மைகள். அவற்றைத் துண்டு துண்டாகத்தான் வாங்குவோம். வெட்டி, ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்ட வேண்டும். ஒரு வீரனுக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடும். பிறகு சாப்பாட்டு மேஜை அளவுள்ள பலகையில் இரண்டு படைகளை எதிரெதிரே நிறுத்தி, டேப் வைத்து அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவோம். யார் எத்தனை அங்குலம் நகரலாம், எந்த எண் விழுந்தால் அடி, எது விழுந்தால் தப்பு என்பதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பொம்மை விளையாட்டா என்று கேட்கலாம். விதிப் புத்தகம் என்பது காகிதத்தில் அச்சிட்ட ஒரு சாப்ட்வேர். அதிலும் பிழை வருகிறது, திருத்தம் வருகிறது, புதிய பதிப்பு வருகிறது. கம்ப்யூட்டர் உலகம் அப்டேட் விஷயத்தில் எப்போதோ கற்றுக் கொண்ட பாடத்தை இந்த உலகம் இன்னும் படிக்க மறுக்கிறது. அதுதான் என் எரிச்சல்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனி என்னை ஆன்சைட் வேலைக்கு இங்கிலாந்துக்கு அனுப்பியது. பதினான்கு மாதம். குளிர், மழை, நான்கு மணிக்கே இருட்டு. சனிக்கிழமைகளில் அறைக்குள் அடைந்து கிடக்க முடியாமல், தெருக்கோடியில் ஒரு சர்ச் ஹாலில் நடந்த விளையாட்டுக் கிளப்பிற்குப் போனேன். அங்கே ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தன் படையில் பாதியை எனக்குக் கடன் கொடுத்து விளையாடக் கற்றுத் தந்தார். மத்திய கால ஐரோப்பிய வீரர்கள், வில்லாளிகள், குதிரைப்படை. இரண்டே வாரத்தில் நான் காலி. சொந்தமாகப் படை வாங்கினேன், பிரஷ் வாங்கினேன், 32 பவுண்டு கொடுத்து விதிப் புத்தகமும் வாங்கினேன். பவுண்டை ரூபாயாக்கிப் பார்க்கும் பழக்கம் அப்போது எனக்கு இன்னும் போகவில்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நான்காவது மாதம் அதே விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. பதிப்பாளர் பெயர் வேண்டாம். சிறிய கம்பெனி. பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்குத் தள்ளுபடி உண்டா என்று மெயில் அனுப்பினேன். "உங்கள் ஆர்வத்திற்கு நன்றி" என்று பதில் வந்தது. கிளப்பில் எல்லோரும் புதிய பதிப்பிற்கு மாறுவது என்று முடிவாயிற்று. எதிரில் இருப்பவர் ஒரு விதியிலும் நாம் ஒரு விதியிலும் ஆட முடியாது அல்லவா? எனக்குப் போனது ஒரு புத்தகம்தான். அந்தத் தபால்காரரிடம் மூன்று படைகள் இருந்தன. பொது விதிப் புத்தகம் ஒன்று, படைக்கு ஒன்றாக மூன்று, ஆக நான்கு புத்தகம் அவர் புதிதாக வாங்க வேண்டும். பென்ஷன்காரர். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லிக் கொண்டே இருந்தார். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். இருபது ஆண்டுகளாக அவர் தீட்டிய வீரர்கள் அலமாரியில் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் கையோ காலோ உடையவில்லை. புத்தகம்தான் பழசாகிவிட்டது.

இது ஒரு சிறு கம்பெனியின் கதை. இந்தத் துறையின் மலை என்றால் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் ஒர்க்ஷாப். 1975-ல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். அதன் 'வார்ஹாமர் 40,000' விளையாட்டு 1987-ல் வந்தது. 2023 வரை பத்துப் பதிப்புகள். 2012-ல் வந்த ஆறாம் பதிப்பு இரண்டே ஆண்டுகளில் ஏழாம் பதிப்பிற்கு இடம் கொடுத்தது. பிறகு 2014, 2017, 2020, 2023 என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை, கிட்டத்தட்டக் காலண்டர் வைத்துக் கொண்டு வருகிறார்கள்.

பொது விதிப் புத்தகம் சுமார் 40 பவுண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு படைக்கும் 'கோடெக்ஸ்' என்று தனிப் புத்தகம், சுமார் 30 பவுண்டு. இந்த விளையாட்டில் அதிகம் பேர் வாங்கும் படையான ஸ்பேஸ் மரீன்ஸை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் கோடெக்ஸ் 2017-ல் வந்தது. 2019-ல் மறுபடி வந்தது. 2020-ல் இன்னொன்று. 2023-ல் மற்றொன்று. ஆறு ஆண்டுகளில் நான்கு கோடெக்ஸ், மூன்று பொது விதிப் புத்தகம். ஏழு புத்தகங்களையும் ஒருவர் வாங்கியிருந்தால் 200 பவுண்டுக்கு மேல் போயிருக்கும். அந்தக் காசில் ஒரு வீரன்கூடப் புதிதாகச் சேரவில்லை. அவரிடம் இருந்த அதே பொம்மைகளைத் தொடர்ந்து நகர்த்துவதற்கான கட்டணம் அது.

அந்தப் படையிலேயே டார்க் ஏஞ்சல்ஸ் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தவர் இன்னும் பாவம். 2020 கோடெக்ஸோடு 2021-ல் ஒரு துணைப் புத்தகம். 2023 கோடெக்ஸோடு 2024-ல் இன்னொரு துணைப் புத்தகம். அதாவது விண்டோஸ் வாங்க வேண்டும், அதற்கு மேல் ஆபீஸ் வாங்க வேண்டும், அதற்கு மேல் எழுத்துருவையும் தனியாக வாங்க வேண்டும்.

விலையைவிட எனக்கு எரிச்சல் தருவது வேறு. இவ்வளவு கொடுத்து வாங்கிய புத்தகம் சரியாக இருக்கிறதா என்றால், இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு. இருவரும் சம மதிப்புள்ள படையோடு மோத வேண்டும் என்பதற்காக. எந்தப் படை அதிகம் ஜெயிக்கிறது என்று பார்த்து இந்த மதிப்புகளை ஆண்டுக்குச் சில முறை மாற்றுகிறார்கள். மாற்றம் இலவச பி.டி.எப். பைலாக வருகிறது. இது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் 2022-ல் லீக்ஸ் ஆஃப் வோட்டான் என்ற புதிய படைக்கு நடந்ததைப் பாருங்கள். அதன் கோடெக்ஸ் முதலில் பொம்மைகளோடு சேர்ந்த பெட்டியில் வந்தது. அதைத் தனிப் புத்தகமாகக் கடையில் விற்பதற்கு முன்பே, படை ரொம்பப் பலமாக இருக்கிறது என்று கணக்குகளை மாற்றி பி.டி.எப். வெளியிட்டுவிட்டார்கள். அச்சு மை காய்வதற்குள் புத்தகம் பழசு.

சாப்ட்வேரிலும் இப்படி நடக்கும். நான் எழுதும் புரோகிராமில் பிழையே வராது என்று சொன்னால் என் டீம் லீடர் சிரிப்பார். அதற்காகத்தான் அப்டேட் தருகிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மாதந்தோறும் தன்னைத் திருத்திக் கொள்கிறதே, அதற்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை. கெட்டி அட்டை போட்ட தாள் புத்தகத்தை விற்றுவிட்டு, சரியான எண் வேண்டுமானால் இணைய தளத்தில் பார்த்துக் கொள் என்று சொன்னால், அந்தப் புத்தகத்தில் நான் எதற்குக் காசு கொடுத்தேன்?

கம்ப்யூட்டர் பக்கமும் வராமல் இல்லை. மொபைல் போனுக்கும் டேப்லட்டிற்கும் ஆப் தந்திருக்கிறார்கள். கோடெக்ஸ் புத்தகத்திற்குள் ஒரு கோட் இருக்கும். அதனை ஆப்பில் கொடுத்தால் அந்தப் படையின் விவரங்கள் திறக்கும். ஆனால் கோட் ஒரு முறைதான் வேலை செய்யும். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கோடெக்ஸ் வாங்கினால் தாள் மட்டும்தான் உங்களுக்கு. கம்ப்யூட்டர் கேம் சிடிக்களில் கீ எண் கொடுத்துப் பழக்கிய வித்தைதான் இது. எங்கள் ஆட்களிடமிருந்து கற்றுக் கொள்வதற்கு எத்தனையோ நல்ல விஷயம் இருக்க, இதைப் போய்க் கற்றிருக்கிறார்கள்.

எதிர்த் தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் புத்தகங்கள் அழகானவை. பாதிக்கு மேல் கதையும் ஓவியமும்தான். ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் ஆட்டத்தைச் சோதித்துப் பார்ப்பவருக்கும் சம்பளம் தர வேண்டும். உண்மை. 2023-ல் பத்தாம் பதிப்பு வந்தபோது அடிப்படை விதிகளை கேம்ஸ் ஒர்க்ஷாப் இலவச பி.டி.எப். ஆகத் தந்தது. எல்லாப் படைகளுக்கும் இண்டெக்ஸ் என்ற விவர அட்டைகளையும் இலவசமாக வெளியிட்டது. அடடா, திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒரு படைக்குக் கோடெக்ஸ் வரவர, அந்தப் படையின் இலவச இண்டெக்ஸ் தளத்திலிருந்து மறைந்தது. சாம்பிள் பாக்கெட் கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு கடைக்கு அனுப்புவது போல.

பணம் இல்லாமல் இப்படிச் செய்கிறார்களா? 2024 டிசம்பரில் இந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025 ஜூன் தொடக்கத்தில் முடிந்த நிதியாண்டில் வரிக்கு முந்தைய லாபம் 26 கோடி பவுண்டுக்கு மேல். பொம்மை செய்து விற்பதே தங்கள் தொழில் என்று அவர்களே ஆண்டறிக்கையில் சொல்லிக் கொள்கிறார்கள். பொம்மை விற்பவருக்கு விதி என்பது பிரிண்டர் கம்பெனிக்கு டிரைவர் போல. அது இருந்தால்தான் சரக்கு விற்கும். அதற்குத் தனி விலை வைப்பது எந்த ஊர் வியாபாரம்?

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நான் செய்த வேலை, ஒரு சாப்ட்வேரின் லைசென்ஸ் கீயைச் சரிபார்க்கும் பகுதியை எழுதுவது. காசு கொடுக்காதவர் உள்ளே நுழைய முடியாமல் தடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மாலையில் அறைக்கு வந்து, அந்த இரண்டாம் பதிப்பு விதிப் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து போட்டிருந்த தளத்திலிருந்து டவுன்லோட் செய்தேன். ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தாயிற்றே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். கிளப்பில் அந்த பைலைத் திறக்கும்போதெல்லாம் லேப்டாப்பின் திரையைச் சற்றுத் திருப்பி வைத்துக் கொள்வேன். இரண்டு சனிக்கிழமைக்கு மேல் அது தாங்கவில்லை. அழித்துவிட்டேன். ஆனால் புதிய புத்தகத்தையும் வாங்கவில்லை. பிடிவாதம்தான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது பற்றி ஓர் எச்சரிக்கை. இத்தகைய தளங்களில் பி.டி.எப். என்று சொல்லி, வந்திறங்கும் பைலின் பெயர் 'இ.எக்ஸ்.இ.' என்று முடிந்தால் அதனைத் திறக்கவே வேண்டாம். அது புத்தகம் அல்ல, புரோகிராம். கிளிக் செய்தால் என்ன செய்யும் என்பது அதை எழுதியவருக்குத்தான் தெரியும். கிளப்பில் ஒரு பையன் அப்படிக் கிளிக் செய்து, கல்லூரிப் பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் பறிகொடுத்தான்.

விதியை இலவசமாகக் கொடுத்தால் கம்பெனி மூழ்கிவிடுமா? ஸ்பெயினில் கலீசியா பகுதியைச் சேர்ந்த கோர்வஸ் பெல்லி என்ற நிறுவனம் 'இன்பினிட்டி' என்ற விளையாட்டை நடத்துகிறது. முழு விதிகளும் அதன் தளத்தில் இலவச பி.டி.எப். படையைத் திட்டமிட ஆப்பும் இலவசம். அழகான புத்தகமும் விற்கிறார்கள், விரும்புபவர் வாங்குகிறார். நன்றாகத்தான் இருக்கிறார்கள். நாட்டிங்ஹாமிலேயே உள்ள மாண்டிக் கேம்ஸ் தன் 'கிங்ஸ் ஆஃப் வார்' விளையாட்டின் அடிப்படை விதிகளை இலவசமாகத் தருகிறது.

இன்னும் பழைய உதாரணமும் உண்டு. டைம் மெஷின் கதை எழுதிய எச்.ஜி. வெல்ஸ், 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் தகர வீரர்களைக் குறி பார்த்துச் சாய்க்கும் விளையாட்டு. வெல்ஸ் 1946-ல் இறந்தார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. எனவே அந்தப் புத்தகம் இப்போது எல்லோருக்கும் பொது. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கூடத்துத் தரையில் இன்றும் ஆடலாம். பதிப்பு மாறிவிட்டது என்று யாரும் வந்து தடுக்க மாட்டார்கள். தாயத்திற்கும் பல்லாங்குழிக்கும் எங்கள் வீட்டில் எந்தப் புத்தகம் இருந்தது? பாட்டி சொன்னதுதான் விதி. தகராறு வந்தால் அப்டேட்டும் பாட்டிதான்.

விதியும் விதிப் புத்தகமும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். காப்புரிமை என்பது எழுதிய வாசகத்திற்கும் ஓவியத்திற்கும்தான். 'நான்கும் அதற்கு மேலும் விழுந்தால் அடி' என்ற யோசனைக்கு யாரும் பட்டா வாங்க முடியாது. அதனால்தான் 'ஒன் பேஜ் ரூல்ஸ்' போன்றவர்கள் சொந்தமாக எளிய விதிகளை எழுதி வெளியிட முடிகிறது. அவர்களின் அடிப்படை விதிகளையும் படைப் பட்டியல்களையும் இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். எந்தக் கம்பெனியின் பொம்மையையும் வைத்து ஆடலாம். விரிவான புத்தகத்திற்கும், 3டி பிரிண்டரில் வீரர்களை அச்சிடும் பைல்களுக்கும் காசு. வேண்டியவர் கொடுக்கிறார். நானும் இந்த ஆண்டு கொடுத்தேன். கட்டாயப்படுத்தாதவரிடம் பர்ஸ் தானாகவே திறக்கிறது.

அந்த விதிகளில் 'ஏஜ் ஆஃப் பேண்டஸி' என்பதைத்தான் போன பொங்கல் விடுமுறையில் மதுரையில் அக்கா வீட்டு லேசர் பிரிண்டரில் அச்சிட்டேன். அக்கா மகன் ஏழாம் வகுப்பு. முதலில் கேரம் காய்களை வைத்துத்தான் கற்றுக் கொடுத்தேன். வெள்ளை ஒரு படை, கறுப்பு ஒரு படை, சிவப்பு ராணிக்கு இரண்டு தளபதிகளும் சண்டை. பகடை லூடோ டப்பாவிலிருந்து வந்தது. அங்குலத்திற்கு அக்காவின் தையல் டேப். ஒவ்வொரு படைப்பிரிவிற்கும் இரண்டே எண்கள், ஒன்று திறமை, ஒன்று தற்காப்பு. அந்த எண்ணோ அதற்கு மேலோ விழ வேண்டும். அரை மணி நேரத்தில் பிடித்துக் கொண்டான்.

"மாமா, இந்த ரூல்ஸ் எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

"பேப்பர் செலவுதான்டா."

"அப்ப அந்தப் பெட்டில இருக்கற பொம்மைக்கு மட்டும் ஏன் ரூல்ஸ் இல்லன்னு சொன்னீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். ஒன்றும் வரவில்லை. இங்கிலாந்திலிருந்து துணியில் சுற்றிக் கொண்டு வந்த பெட்டி, மூன்று ஆண்டுகளாகப் பரணில் இருந்தது. இறக்கினோம். எண்பத்து நான்கு வீரர்கள். இரண்டு வில்லாளிகளுக்கு வில் போயிருந்தது, ஒரு குதிரைக்கு வால் இல்லை. மற்றபடி எல்லோரும் நலம். அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் அணிவகுத்தார்கள். முதல் ஆட்டத்தில் நான் தோற்றேன். டேப்பைச் சாய்த்துப் பிடித்துத்தான் அவன் குதிரைப்படை என் வில்லாளிகளை எட்டியது என்று இன்றும் சொல்லிக் கொண்டிருக்கிறேன். அக்கா நம்பவில்லை.